தானாக வந்துவிடும் என்று காத்திருக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் சாரத்தை மற்ற வாசகர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனுக்கு ஏழரை வயது. இரண்டாம் வகுப்பு முடியப்போகிறது. எழுத்துகளைத் தனித்தனியாகக் காட்டினால் பெரும்பாலும் சொல்லிவிடுகிறான். சொல்லாகச் சேர்த்துப் படிக்கச் சொன்னால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறான். அதே வயதுள்ள நாத்தனார் மகள் கதைப் புத்தகங்களைத் தானே எடுத்துப் படிக்கிறாள். வகுப்பாசிரியை "தானா வந்துடும், கொஞ்சம் பொறுங்க" என்கிறார். மாமியார், "அவன் அப்பனும் இப்படித்தான், நாலாவது வரைக்கும் எழுத்துக்கூட்டித்தான் படிச்சான்" என்று ஆறுதல் சொல்கிறார். கணவர் சோம்பல் என்று கோபப்படுகிறார். போன வாரம் பையன் படுக்கும்போது உங்களிடம் "நான் முட்டாளாம்மா?" என்று கேட்டிருக்கிறான். காத்திருக்கலாமா, வைத்தியம் பார்க்க வேண்டுமா, இன்னொரு வருடம் அதே வகுப்பில் உட்கார வைக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

காத்திருக்க வேண்டாம். பயப்படவும் வேண்டாம். உதவியை இந்த வாரமே தொடங்குங்கள். ஒருவேளை அவன் தானாகவே பிடித்துக்கொள்ளக்கூடிய பிள்ளையாக இருந்தாலும், இப்போது செய்யும் உதவியால் அவனுக்கு எந்த நட்டமும் இல்லை. அப்படி இல்லாத பிள்ளையாக இருந்தால், காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அவனுக்கு நட்டம்.

ஆசிரியை சொன்னது முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. தாமதம் தன்னளவில் ஆபத்தானது இல்லை. ஃபின்லாந்தில் குழந்தைகள் 7 வயதில்தான் பள்ளிப் படிப்பைத் தொடங்குகிறார்கள். நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 5 வயதில் வாசிப்புப் பாடம் தொடங்கிய குழந்தைகளையும் 7 வயதில் தொடங்கிய குழந்தைகளையும் அதில் ஒப்பிட்டார்கள். 11 வயதை நெருங்கும்போது இரு தரப்பாரின் வாசிப்பு வேகத்திலும் வேறுபாடு இல்லை. ஆகவே, நாலு வயதில் படிக்கும் பிள்ளையைப் பார்த்து ஏழு வயதுப் பிள்ளையின் பெற்றோர் கலங்க வேண்டியதில்லை.

ஆனால் 7 வயதில் தொடங்கிய குழந்தைகளுக்கு அதுவரை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கற்றுக்கொடுக்கத் தொடங்கியதும் அவர்கள் வேகமாக முன்னேறினார்கள். உங்கள் மகன் நிலை வேறு. அவனுக்கு இரண்டு மூன்று வருடமாகக் கற்றுக்கொடுக்கிறார்கள், ஒட்டவில்லை. இந்த இரண்டையும் ஒரே "தாமதம்" என்று சேர்த்துப் பேசுவதால்தான் நிறையக் குழந்தைகளின் நல்ல வருடங்கள் வீணாகின்றன. கானி ஜூயல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 54 குழந்தைகளை ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு முடிய விடாமல் கவனித்து 1988-ல் எழுதினார். ஒன்றாம் வகுப்பு முடிவில் வாசிப்பில் பின்தங்கியிருந்த பிள்ளை நான்காம் வகுப்பு முடிவிலும் பின்தங்கியே இருப்பதற்கான வாய்ப்பு 0.88 என்று அவர் கணக்கிட்டார். சிறிய ஆய்வுதான். இருந்தாலும், நானும் என் சக ஆசிரியர்களும் வகுப்பறையில் பார்ப்பதற்கு அது மிக அருகில் இருக்கிறது. பிள்ளைகள் வளர்வதால் மட்டும் வாசிப்பு வந்துவிடுவதில்லை.

பேச்சு அப்படியில்லை. காதில் விழுந்தாலே குழந்தைக்குப் பேச்சு வரும். மனிதர்கள் எழுதத் தொடங்கி ஏறக்குறைய 5000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கென்று மூளையில் பிறவியிலேயே அமைந்த இடம் எதுவும் கிடையாது. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண்பதற்காக உள்ள பகுதியில் ஒரு துண்டை எடுத்து, பேச்சொலிகளைக் கையாளும் பகுதியோடு புதிதாக இணைப்புப் போட வேண்டியிருக்கிறது. சில பிள்ளைகளுக்கு இந்த இணைப்பு பத்துத் தடவையில் உறுதிப்படும், சிலருக்கு நூறு தடவை வேண்டும். நூறு தடவை தேவைப்படுகிற பிள்ளைக்கும் பத்துத் தடவையோடு பாடத்தை நகர்த்திவிடுகிறோம். பிறகு அவனைச் சோம்பேறி என்கிறோம். உங்கள் கணவரிடம் இந்த இடத்தை வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கத் திணறும் குழந்தை ஒரு பக்கத்துக்குச் செலவழிக்கும் உழைப்பு, சரளமாகப் படிக்கும் குழந்தை பத்துப் பக்கத்துக்குச் செலவழிப்பதைவிட அதிகம். அது சோம்பலாக இருக்க வழியே இல்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்கு நம்பிக்கை கொடுத்தது. நீங்கள் கதை படித்துக் காட்டினால், "அந்த ராஜா ஏன் அவனை நம்பினான்?" என்று குறுக்குக் கேள்வி கேட்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். கோஃப், டன்மர் என்ற இருவர் 1986-ல் ஓர் எளிய கணக்குச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம்தான். உங்கள் மகனுக்கு இரண்டாவது திறன் நன்றாக இருக்கிறது. முதலாவதில்தான் தடை. தடை எங்கே என்று தெரிந்துவிட்டால் வேலை பாதி குறைந்த மாதிரி.

அதை உறுதிப்படுத்த வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். அவனுக்குப் பழக்கமான புத்தகம் வேண்டாம், அது காதால் மனப்பாடம் ஆகியிருக்கும். படமும் வேண்டாம், படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவான். ஒரு தாளில் பொருளே இல்லாத சில சொற்களைப் பெரிதாக எழுதுங்கள்: லேமு, கெதூ, பிசோ, நொடகி, தைமொ. "இதெல்லாம் வேற கிரகத்துப் பேரு, சொல்லு பாக்கலாம்" என்று விளையாட்டாகக் கேளுங்கள். ஊகிக்க வழியில்லாததால், எழுத்திலிருந்து ஒலிக்குப் போகும் பாதை அவனிடம் எவ்வளவு போடப்பட்டிருக்கிறது என்பது இதில் தெரியும். அவன் சொல்வதைத் திருத்தாமல் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். தவறுகள் எந்த இடத்தில் விழுகின்றன என்பதே நமக்கு வேண்டிய தகவல்.

தமிழில் தவறுகள் கண்ட இடத்தில் விழுவதில்லை. நான் அடிக்கடி பார்ப்பது கொம்பும் காலும். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் வாயில் 'க்' முதலில் வந்து 'எ' பின்னால் வருகிறது. 'கொ' இன்னும் சிக்கல்: உயிரின் குறி மெய்யின் இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. இடமிருந்து வலமாகக் கூட்டிப் படிக்கும் பிள்ளை முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு 'கெ' என்று சொல்லிவிட்டு, அந்தக் காலை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பான். அடுத்தது குறில் நெடில் குழப்பம். அதற்கடுத்து ஒரே 'க' என்ற எழுத்து 'கடல்' என்பதில் ஒரு மாதிரியும் 'தங்கம்' என்பதில் வேறு மாதிரியும் ஒலிப்பது. இதெல்லாம் பெரியவர்களுக்குக் கண்ணில் படுவதே இல்லை, நமக்குப் பழகிவிட்டது. 247 எழுத்துகள் என்று ஒரு கட்டம் போட்ட அட்டவணையைச் சுவரில் மாட்டிவிட்டு, வரிசையாக ஒப்பிக்க வைப்பதோடு நாம் முடித்துக்கொள்கிறோம். க, கா, கி, கீ என்று பாட்டாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டுக் காட்டினால் சொல்லத் தெரியாது. மறுபடி 'க'விலிருந்து தொடங்கி விரல் விட்டு எண்ணி வருவான். உங்கள் மகன் அப்படிச் செய்கிறானா என்று பாருங்கள். கன்னடக் குழந்தைகளிடம் சொனாலி நாக் என்ற ஆய்வாளர் செய்த ஆய்வு 2007-ல் வந்தது. இத்தகைய எழுத்து முறைகளில் எல்லா எழுத்துகளும் கைவசமாக ஒரு வருடம் போதாது, தொடக்கப் பள்ளியில் பல வருடம் பிடிக்கும் என்று அது காட்டுகிறது. ஆகவே இரண்டாம் வகுப்பில் சில எழுத்துகள் தடுமாறுவது இயல்பு. தெரிந்த எழுத்துகளைக்கூடச் சேர்த்துச் சொல்லாக்க முடியாதிருப்பதுதான் கவனிக்க வேண்டியது.

இன்னொரு தடையும் உண்டு. நாம் பேசும் தமிழும் எழுதும் தமிழும் வேறு வேறு. "பாத்துக்கிட்டு இருந்தான்" என்று தினமும் கேட்கிற பிள்ளை, புத்தகத்தில் "பார்த்துக்கொண்டிருந்தான்" என்பதை எழுத்தெழுத்தாகக் கூட்டி முடிக்கும்போது அது அவனுக்குத் தெரிந்த சொல்லாகவே ஒலிக்காது. முடித்துவிட்டோமா என்றுகூட அவனுக்குத் தெரியாது. இதற்கு நல்ல மருந்து, நீங்கள் அவனுக்குப் படித்துக் காட்டுவது. பேச்சுத் தமிழில் கதை சொல்வதோடு நிறுத்தாமல், புத்தகத்தில் உள்ளதை உள்ளபடியே படியுங்கள். "இவ்வளவு பெரியவனாயிட்டான், இனி அவனே படிக்கட்டும்" என்று தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். வாசிக்க முடியாத பிள்ளை புத்தகத் தமிழைக் கேட்பதையும் இழந்தால், இன்று அவனிடம் பலமாக இருக்கும் புரிதலும் நாளடைவில் மெலிந்துவிடும். படிக்கிறவன் புதுச்சொற்களைச் சேர்த்துக்கொண்டே போக, படிக்காதவன் பின்னால் நிற்பதை ஸ்டனோவிச் என்ற ஆய்வாளர் 1986-லேயே விளக்கிவிட்டார்.

இனி மாமியார் சொன்னது. அவர் ஆறுதலாகச் சொன்னதை நான் முக்கியமான தகவலாக எடுத்துக்கொள்கிறேன். வாசிப்புச் சிரமம் குடும்பத்தில் வருவது. பெற்றோரில் ஒருவருக்கு டிஸ்லெக்சியா (அறிவு நன்றாக இருந்தும் எழுத்தை ஒலியாக்கி வாசிப்பதில் வரும் தொடர் சிரமம்) இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குச் சற்றுக் குறைவு என்று தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. பொதுவாகக் குழந்தைகளில் 5 முதல் 10 சதவீதத்தினருக்கு இது இருக்கலாம். உங்கள் கணவருக்கு அது இருந்தது என்று நான் முடிவு கட்டவில்லை. ஆனால் அவரிடம் மெதுவாகக் கேளுங்கள்: நாலாவது வரை எப்படி இருந்தது? வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் என்ன செய்தீர்கள்? இப்போதும் நீளமான கடிதத்தைப் படிக்க எரிச்சல் வருகிறதா? மகன் மேல் அதிகமாகக் கோபப்படும் அப்பாக்களில் பலர் அந்த வயதில் அதே அடியை வாங்கியவர்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். "எனக்கும் இப்படித்தான்டா இருந்துச்சு" என்று அவர் ஒருமுறை மகனிடம் சொன்னால், அது நான் சொல்லும் எந்தப் பயிற்சிக்கும் குறையாத பலன் தரும்.

வைத்தியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் காதையும் கண்ணையும் பரிசோதித்துவிடுங்கள். காதைக் கட்டாயம் பாருங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்து, வலியே இல்லாமல் கேட்கும் திறன் குறைந்திருக்கும். கூப்பிட்டால் திரும்புவான், ஆனால் 'ப'வும் 'த'வும் அவனுக்குத் தெளிவாகப் பிரியாது. இரண்டும் சரியாக இருந்தால், அதற்கு மேல் மருந்து, டானிக், மூளைப் பயிற்சி என்று அலைய வேண்டாம். டிஸ்லெக்சியாவுக்கு மாத்திரை கிடையாது. அது கண் நோயும் இல்லை. வண்ணக் கண்ணாடியும் கண் பயிற்சியும் அதைத் தீர்ப்பதாக ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009-ல் கூட்டாக அறிவித்தன. ஆங்கிலத்தில் 'பி', 'டி' சிறிய எழுத்துகளை மாற்றி எழுதுகிறான் என்று தனியாக அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். ஒரு பொருள் இடப்பக்கம் திரும்பினாலும் வலப்பக்கம் திரும்பினாலும் அதே பொருள்தான் என்று மூளை பழகியிருப்பதால், புதிதாக எழுதக் கற்கும் பெரும்பாலான குழந்தைகள் இதைச் செய்கிறார்கள். அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

தினமும் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதால் வரும் பலன் குறைவு, வரும் அழுகை அதிகம்.

முதல் ஐந்து நிமிடம் புத்தகமே வேண்டாம், காதும் வாயும் போதும். 'பாட்டு' என்பதில் முதல் ஒலியை எடுத்துவிட்டு 'ம்' போட்டால் என்ன வரும்? மாட்டு. 'க்' போட்டால்? காட்டு. 'கடல்' என்பதில் 'க'வை மறைத்தால் மிச்சம் என்ன? 'மாலை'க்கு மோனையாக இன்னொரு சொல் சொல்லு, 'பந்து'க்கு எதுகையாகச் சொல்லு. மோனையும் எதுகையும் கவிதை வகுப்பில் மனப்பாடம் செய்ய வைப்பதற்கு முன், ஆறேழு வயதில் விளையாட வேண்டியவை. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் காதுதான் வாசிப்புக்கு அடித்தளம். சொற்களை ஒலியால் வகைப்படுத்தப் பழக்கிய குழந்தைகள், அதோடு எழுத்தையும் இணைத்துக் காட்டியபோது, வாசிப்பில் முன்னேறியதை பிராட்லி, பிரையன்ட் என்ற ஆய்வாளர்கள் 1983-லேயே காட்டினார்கள். எழுத்தோடு இணைப்பது முக்கியம். ஆகவே அடுத்த ஐந்து நிமிடத்தில் அதே ஒலிகளை அட்டைகளில் வையுங்கள். மெய்யெழுத்து ஒரு அட்டை, உயிர்க்குறி ஒரு அட்டை. 'க்' மேல் கொம்பையும் காலையும் வைத்து, வாயால் மெதுவாக இழுத்து 'க்...ஒ, கொ' என்று சேர்க்கட்டும். ஒரு வாரத்துக்கு நான்கைந்து மெய்கள் போதும். அவை உறுதியாகும் வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். அட்டவணை வரிசையை மறந்துவிடுங்கள், எழுத்துகளைக் கலைத்துக் கலைத்துக் கேளுங்கள்.

கடைசி ஐந்து நிமிடம், அவன் கற்ற எழுத்துகளால் மட்டுமே ஆன மூன்று நான்கு வரிகளை நீங்களே எழுதிக் கொடுங்கள். அவன் பெயரும் அவனுக்குப் பிடித்த விலங்கும் அதில் வரட்டும். அதே வரிகளை நாலைந்து நாள் திரும்பத் திரும்பப் படிக்கட்டும். முதல் நாள் திணறியது நாலாம் நாள் ஓடுவதை அவனே கேட்பது அவனுக்கு மிகவும் தேவை. தடுக்கினால் உடனே சொல்லிக்கொடுத்துவிடாமல் மூன்று எண்ணும் நேரம் பொறுங்கள். பிறகு, "படத்தைப் பாரு" என்றோ "யோசிச்சுச் சொல்லு" என்றோ சொல்லாமல், தடுக்கிய எழுத்தின் மேல் விரலை வைத்து ஒலியைக் கேளுங்கள். ஊகிக்கச் சொல்லிக் கொடுத்தால் ஊகிக்கத்தான் கற்பான்.

தவறிய சொல்லைப் பத்துத் தடவை எழுதச் சொல்லும் வழக்கத்தை நிறுத்திவிடுங்கள். அவன் கை எழுதுகிறது, காதும் கண்ணும் சேருவதில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் முன் படித்துக்காட்டச் சொல்வதையும் இன்றோடு விடுங்கள். நாத்தனார் மகளின் பெயர் இந்தப் பேச்சிலேயே வர வேண்டாம்.

இப்படி மூன்று மாதம் விடாமல் செய்தும் பொருளற்ற சொற்களில் முன்னேற்றம் மிகக் குறைவு என்றால், முறையான மதிப்பீட்டுக்குப் போங்கள். குழந்தை உளவியலாளரோ, கற்றல் குறைபாடுகளில் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியரோ செய்வார். குடும்பத்தில் அப்பாவுக்கும் இருந்திருக்கலாம் என்பதால், காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்தால் இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள். பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் இரண்டும் இருப்பதால், இரண்டிலும் சோதிக்கச் சொல்லுங்கள். எழுத்தும் ஒலியும் ஓரளவு நேராகப் பொருந்தும் மொழிகளில் டிஸ்லெக்சியா தவறுகளாக வெளிப்படாமல், மாறாத மெதுவான வாசிப்பாக வெளிப்படுவதுண்டு. ஜெர்மன், ஃபின்னிஷ் மொழிக் குழந்தைகளிடம் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளிடமும் நான் அதைத்தான் காண்கிறேன். "சரியாத்தானே படிக்கிறான், கொஞ்சம் மெதுவா படிக்கிறான்" என்று விடப்பட்டு, பத்து வயதில் பாடங்கள் நீளும்போதுதான் பலர் என்னிடம் வருகிறார்கள். குழப்பமாக இருக்கிறது, தமிழை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவன் சிந்திக்கும் மொழி அது. ஒலியைப் பிரித்துச் சேர்க்கும் திறன் ஒரு மொழியில் உறுதியானால் மற்றதற்கும் கைகொடுக்கும்.

மதிப்பீட்டில் டிஸ்லெக்சியா என்று வந்தால் அது அவன் அறிவுக்கு வைத்த மதிப்பெண் இல்லை. 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர் இதைப் பற்றி எழுதிய முதல் குறிப்பிலேயே, விளையாட்டில் சுறுசுறுப்பான, மற்றபடி புத்திசாலியான 14 வயதுப் பையனைத்தான் விவரித்திருந்தார். அந்தப் பெயர் இருந்தால் பள்ளியில் கூடுதல் நேரமும் வாய்மொழித் தேர்வும் கேட்பது உங்களுக்கு எளிதாகும்.

அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வைக்க வேண்டாம். பலன் தராத அதே பாடம் அதே முறையில் இன்னொரு முறை நடக்கும், நண்பர்கள் மட்டும் போய்விடுவார்கள். அதற்குப் பதிலாக ஆசிரியையிடம் மூன்றே உதவிகள் கேளுங்கள்: முன்னறிவிப்பில்லாமல் எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்லக் கூடாது, நாளை படிக்க வேண்டிய பத்தியை இன்றே வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும், அறிவியல் போன்ற பாடங்களில் தெரிந்ததை வாயால் சொல்ல விட வேண்டும். குறை சொல்லும் குரலில் கேட்காதீர்கள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருப்பவர், உங்களுக்கு எதிரி இல்லை.

"நான் முட்டாளாம்மா?" என்று கேட்டதற்கு நீங்கள் "சீச்சீ, அப்படியெல்லாம் இல்லை" என்று சொல்லி அணைத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அணைத்தது சரி. பதில்தான் போதாது, ஏனென்றால் மற்றவர்களால் முடிவது தன்னால் முடியவில்லை என்பது அவனுக்குத் தெரிகிறது. காரணம் சொல்லப்படாத பிள்ளை தானே ஒரு காரணம் கண்டுபிடிக்கிறான், அது எப்போதும் தன்னையே தாழ்த்துவதாக இருக்கும். அவனிடம் உண்மையைச் சொல்லுங்கள்: "உனக்குக் கதை நல்லாப் புரியுது, கேள்வி நல்லாக் கேக்குற. எழுத்தைச் சத்தமா மாத்துற வேலை மட்டும் உன் மூளைக்கு நேரம் எடுக்குது. அதுக்கு இன்னும் நிறையத் தடவை பழகணும். நாம சேர்ந்து பழகலாம்." ஏழரை வயதுப் பிள்ளைக்கு இது புரியும்.

அந்தப் பொருளற்ற சொற்களை அவன் எப்படிப் படித்தான் என்று இன்றைய தேதி போட்டு எழுதிவைத்து, மூன்று மாதம் கழித்து வேறு சொற்களோடு மறுபடி சோதித்து, இரண்டு தாள்களையும் எனக்கு அனுப்புங்கள். எந்த எழுத்துகளில் தடை நிற்கிறது என்று பார்த்து, அடுத்து என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன்.